ஒரு கை சும்மா இருக்கட்டும்

மூன்றாவது மாடிக்கு என் கிட்டார் ஆம்பை, அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு போன அன்று எனக்கு எதுவும் வலிக்கவில்லை. நடுவில் இரண்டு தடவை படியில் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். வாசித்தேன், இறக்கினேன், வண்டியில் ஏற்றினேன், வீட்டுக்கு வந்து படுத்தேன். மறுநாள் காலை பல் துலக்கக் குனிந்தபோது இடுப்பில் என்னவோ பிடித்தது. குனிந்தவன் நிமிர முடியவில்லை. வாயில் நுரையோடு ஐந்து நிமிஷம் அப்படியே வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஐந்து நிமிஷமும் நான் கவலைப்பட்டது முதுகைப் பற்றி அல்ல என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அதே மூன்றாவது மாடியில் இன்னொரு கச்சேரி இருந்தது. இந்தப் பெட்டியை யார் மேலே ஏற்றுவது என்பதுதான் என் கவலை.

இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த வால்வு ஆம்ப் அது, ட்ரான்சிஸ்டருக்குப் பதிலாகப் பழைய கண்ணாடிக் குழல்களில் ஓடுவது. 29 கிலோ. ஜாஸ் கிட்டார் வாசிக்கிறவனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாங்கள் சத்தமாக வாசிப்பதில்லை, ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷன் பக்கமே போவதில்லை, கிட்டாரின் டோன் திருகைப் பாதி மூடி வைத்துக்கொண்டு, வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளில் அடக்கமாகத் தடவிக்கொண்டிருக்கிறவர்கள். ஆனால் கனமாக இருப்பதே அந்தச் சுத்தமான ஒலிதான். ராக் வாசிக்கிறவருக்கு ஆம்ப் கொஞ்சம் திணற வேண்டும், அந்தத் திணறலில்தான் அவருக்குச் சுவை. 5 வாட்ஸ் வால்வு ஆம்பைக் கொண்டே அவர் ஒரு சின்ன அரங்கைச் சமாளித்துவிடுவார். நமக்கு அது திணறவே கூடாது. நாலு சுரம் சேர்ந்து ஒலிக்கிற கார்டு ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால், கம்பி விடுபடுகிற அந்த முதல் கணத்தில் எழும் உச்சம் அதற்குப் பிறகு நீடிக்கிற ஒலியைவிடப் பல மடங்கு பெரியது. அந்த உச்சம் மழுங்காமல் வெளியே வர ஆம்பிடம் கையிருப்பு வேண்டும். வால்வு ஆம்பில் கையிருப்பு என்றால் இரும்பு. மின்சாரத்துக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கருக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர், வாட்ஸ் கூடக் கூட இரண்டும் கொழுத்துக்கொண்டே போகும். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் 85 வாட்ஸ், 29 கிலோ. வால்வே இல்லாத ரோலண்ட் ஜேசி-120 கூட 28 கிலோ. பெயரிலேயே ஜாஸை வைத்துக்கொண்டு அவ்வளவு எடை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதுதான் எரிச்சல். 1939-ல் பென்னி குட்மேனின் ஜாஸ் குழுவில் சேர்ந்த கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன், எலெக்ட்ரிக் கிட்டாரை சாக்ஸஃபோனுக்குச் சமமாக முன்னால் நிறுத்தியது கிப்சன் ஈஹெச்-150 என்ற சுமார் 15 வாட்ஸ் பெட்டியை வைத்துக்கொண்டுதான். இன்னொரு ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜிம் ஹால் பல வருஷம் கிப்சன் ஜிஏ-50-ல் வாசித்தார். ஒரு 12 அங்குலமும் ஒரு 8 அங்குலமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த விநோதமான பெட்டி அது. அவர்களுக்கெல்லாம் போதுமானதாக இருந்தது எனக்கு மட்டும் ஏன் போதவில்லை என்று யோசித்தேன். அவர்களைச் சுற்றி வாசித்தவர்கள் கிட்டாருக்கு இடம் விட்டு வாசித்தார்கள் என்பது ஒரு பதில். இன்னொரு பதில் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் கிடைத்தது.

வீட்டில் புலி

சரி, எடை குறைந்த ஒன்றை வாங்குவது என்று முடிவாயிற்று. ஒரே ஒரு 8 அங்குல ஸ்பீக்கர், மூடிய பெட்டி, 7 கிலோவுக்குள். எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை. பின்னால் வருகிற குறை அதனுடையது அல்ல என்று தெரிந்த பிறகு அதன் பெயரைக் கெடுப்பானேன். வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கையறையில் வைத்து வாசித்தேன். அருமை. தேன் மாதிரி இருந்தது. கீழ்ச்சுரத்துக்கான பேஸ் திருகைப் பாதிக்கு மேல் வைத்தேன், மேல்சுரத்துக்கான ட்ரெபிளைக் கால்வாசிக்கு இறக்கினேன், இடைப்பட்டதற்கான மிட் நடுவில். கீழ் ஈ கம்பியைத் தொட்டால் கட்டில் சட்டம் லேசாக அதிர்ந்தது. 29 கிலோவை இத்தனை வருஷம் முட்டாள்தனமாகச் சுமந்துவிட்டோமே என்று தோன்றியது. இரண்டு வாரம் அந்த மிதப்பில் இருந்தேன்.

முதல் கச்சேரி. டிரம்ஸ், கீழ்ச்சுரங்களுக்கு ஆள் உயர டபுள் பேஸ், கிட்டார், மூன்று பேர்தான். டிரம்மர் பிரஷ்ஷால்தான் வாசித்தார், அடித்து நொறுக்குகிற ஆள் இல்லை. முதல் பாட்டின் இரண்டாவது வரியில் என் கிட்டார் காணாமல் போயிற்று. கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. அடுத்த அறையில் யாரோ கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி, ஏதோ ஒன்று நடப்பது தெரிந்தது, என்ன என்பது தெரியவில்லை. வால்யூமைக் கூட்டினேன். கம்பளி தடித்தது. இன்னும் கூட்டினேன். என் ஆர்ச்டாப் கிட்டார் ஊளையிடத் தொடங்கியது. உள்ளீடற்ற கிட்டார்களோடு வாழ்கிறவர்களுக்கு இது தெரியும். மேல்பலகை தனக்குப் பிடித்த ஒரு சுரத்தில் தானாகவே பாட ஆரம்பித்துவிடும். என்னுடையதற்கு அது திறந்த ஏ கம்பியின் பக்கம், 110 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிக்கொண்டு, யாரோ குழந்தையின் வாயைப் பொத்துகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிகிற நேரத்தில் சிரிக்கவும் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அன்றைக்கு எனக்கு ஒரு கருத்து பிறந்தது: சின்ன ஆம்புக்கு உடம்பு கிடையாது. இந்தக் கருத்தை ஆறு மாதம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்ன பெட்டி அறை மூலைக்குப் போயிற்று. 29 கிலோ மறுபடியும் வண்டியில் ஏறியது, ஆனால் இந்தத் தடவை ஏற்றி இறக்க இன்னொருவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். அப்படிக் கூட்டிப்போகிறவரிடம் எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லியாக வேண்டும், முடிகிறவரை அவர் காத்திருக்க வேண்டும், அவர் முகத்தில் கொட்டாவி தெரியும்போது எனக்கு சோலோவில் கவனம் போய்விடும். இதெல்லாம் ஆம்பின் எடையில் சேராதா? நான் சேர்த்துத்தான் கணக்குப் பார்த்தேன்.

ஆனாலும் அந்தக் கருத்து உள்ளுக்குள் சரியாக உட்காரவில்லை. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜோ பாஸ் பல வருஷம் வாசித்தது பாலிடோன் ஆம்பில். அதை உருவாக்கியவர் டாமி குமினா என்ற அக்கார்டியன் கலைஞர். கிட்டார் பேரில் பக்தி இல்லாத ஒருவர்தான் வால்வைத் தூக்கிப்போட்டுவிட்டு, மூடிய பெட்டியில் ட்ரான்சிஸ்டரை வைத்து ஒரு தலைமுறை ஜாஸ் கிட்டாரின் ஒலியையே தீர்மானித்தார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். அந்த ஒலிக்கு உடம்பு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அப்படியானால் உடம்பு என்று நான் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்?

அண்ணன் திருகைத் திருப்பினார்

அந்த டபுள் பேஸ் அண்ணனுக்கு என்னைவிடப் பதினைந்து வயது அதிகம். பேச்சு குறைவு. ஒருநாள் மாலை ஒத்திகைக்கு வரச் சொன்னவர், போனில், "பெரிய பொட்டி வேண்டாம் தம்பி, இங்க லிஃப்ட் வேலை செய்யல. அந்தச் சின்னது ஒண்ணு வச்சிருந்தியே, அதை எடுத்துட்டு வா" என்றார். அதற்கு உடம்பு கிடையாதண்ணே என்று ஆரம்பித்தேன். "எடுத்துட்டு வா" என்று வைத்துவிட்டார்.

கொண்டுபோனேன். தரையில் வைத்தேன், வீட்டில் வைத்திருந்த அதே அளவுகளில் திருகுகளை வைத்தேன், வாசித்துப் பார்த்தேன். தனியாக வாசித்தபோது அதே தேன். டிரம்மர் சேர்ந்ததும் அதே கம்பளி. நான் அண்ணனைப் பார்த்து, சொன்னேன் பாருங்கள் என்கிற மாதிரி தோளைக் குலுக்கினேன்.

அவர் டபுள் பேஸைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்தார். நிதானமாக என் பக்கம் வந்தார். பக்கத்தில் இருந்த மடக்கு நாற்காலியைக் காலால் இழுத்து, என் ஆம்பைத் தூக்கி அதன்மேல் வைத்தார். பெட்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி அடியில் தன் டியூனர் டப்பாவை முட்டுக் கொடுத்தார். அப்புறம் பேஸ் திருகைப் பிடித்து, கிட்டத்தட்ட பூஜ்யம் வரை திருப்பினார். மிட்டை முக்காலுக்கு ஏற்றினார். ட்ரெபிளைத் தொடவில்லை. "வாசி" என்றார்.

ஒரு பி ஃப்ளாட் கார்டை அடித்தேன். பழைய டெலிஃபோனில் கேட்கிற மாதிரி இருந்தது. தட்டையாக, மூக்கால் பேசுகிற ஒலி. "என்னண்ணே இது, தகரம் மாதிரி இருக்கு" என்றேன்.

"தனியா ஏன் வாசிக்கிற? தனியாவா கச்சேரி பண்ணப் போற?" என்று சொல்லிவிட்டுப் போய் டபுள் பேஸை நிமிர்த்தினார். பி ஃப்ளாட் ப்ளூஸ், நடுத்தர வேகம். முதல் நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, அவர் மட்டும் வாசித்தார். டிரம்மர் ரைட் சிம்பலை எடுத்தார். ஐந்தாவது பாரில் நான் அந்தத் தகர ஒலியோடு உள்ளே நுழைந்தேன்.

தகரம் இல்லை. நான் அடித்த கார்டு அவருடைய சுரத்தின் மேல் போய் உட்கார்ந்தது, மூடி டப்பாவில் பொருந்துகிற மாதிரி. கீழே இருந்த கனம் முழுக்க அவருடையது, மேலே இருந்த நாலு சுரமும் தனித்தனியாகக் கேட்டது, கார்டுக்கு நிறம் சேர்க்கிற ஒன்பதாவது, பதின்மூன்றாவது சுரங்களும் உட்பட. என் ஒலிக்கு உடம்பு வந்திருந்தது. ஆனால் அது என் ஆம்பிலிருந்து வரவில்லை. இரண்டு மீட்டர் தள்ளி நின்றுகொண்டு அண்ணன் விரலால் இழுத்துக்கொண்டிருந்தார். நான் வால்யூமைக் குறைத்தேன். அந்த ஆம்ப் என் கையில் வந்ததிலிருந்து கூட்டத்தோடு வாசிக்கும்போது வால்யூமைக் குறைத்தது அதுதான் முதல் தடவை.

பாட்டு முடிந்ததும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "நீ இவ்வளவு நாளா என் வேலையைச் செஞ்சுக்கிட்டிருந்தே தம்பி." திட்டுகிற குரலில் இல்லை. கொஞ்சம் களைப்பாகத்தான் சொன்னார். எத்தனை கச்சேரியில் என் சேற்றுக்குள் நின்று வாசித்திருக்கிறாரோ.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிட்டாரின் கீழ் ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். டபுள் பேஸின் கீழ் ஈ அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, 41. அவருடைய கை பெரும்பாலும் உலவுவது 41-க்கும் 200-க்கும் நடுவில். என் ஆம்பில் பேஸ் திருகு தூக்கிக் கொடுப்பதும் அதே இடம்தான். ஒரே நாற்காலியில் இரண்டு பேர். அதுவும் என் பெட்டியைத் தரையில் வைத்திருந்தேன். தரையும் சுவரும் கீழ்ச்சுரங்களைத் திருப்பி அனுப்பிக் கூட்டிக் கொடுக்கும், மூலையில் வைத்தால் இன்னும் மோசம். நாற்காலியில் ஏற்றியதும் அந்த உபரி போயிற்று. கூடவே இன்னொன்றும் நடந்தது. அதுவரை ஸ்பீக்கர் என் முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. கீழ்ச்சுரம் எல்லாப் பக்கமும் பரவும், நடுவும் மேலும் ஸ்பீக்கர் பார்க்கிற திசையில்தான் போகும். நான் நின்றுகொண்டு கேட்டது வெறும் உறுமலை. தெளிவு முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

படுக்கையறையில் ஏன் அது தேனாக இருந்தது என்பதற்கும் பதில் அங்கேயே இருக்கிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது கீழ்ச்சுரங்களை மட்டமாகத்தான் கேட்கும், சத்தம் ஏற ஏற அவை தாமாகவே முன்னால் வரும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-ல் அளந்து வைத்த விஷயம் இது. வீட்டில் மெல்லிய சத்தத்தில் காதுக்கு இதமாக பேஸைக் கூட்டி வைத்துவிட்டு, அதே திருகு நிலையைக் கச்சேரிச் சத்தத்துக்கு எடுத்துப்போனால் அது பூதமாகத்தான் வளரும். ஆம்பைக் கடையிலோ வீட்டிலோ தனியாக வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, நீச்சல் உடையைக் கண்ணாடி முன்னால் நின்று மட்டும் பார்த்து வாங்குகிற மாதிரி. அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் முழுக்கத் தோற்றுவிடவில்லை

இந்த இடத்தில் நான் சின்ன ஆம்பிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கட்டுரையை முடித்திருக்கலாம். முடிக்க முடியவில்லை, ஏனென்றால் இரண்டு மாதம் கழித்து ஒரு பாடகியோடு இரண்டே பேராக வாசிக்க வேண்டி வந்தது. டபுள் பேஸ் கிடையாது. கீழ்த்தளமும் நானே, மேல்தளமும் நானே. பேஸ் திருகை மறுபடியும் ஏற்றினேன். 8 அங்குலம் கீழே போகத்தான் போனது, ஆனால் ஒரு மெதுவான பாலடில் கீழ் எஃப்-ஐ நீட்டிப் பிடித்தால் சுரம் அறைக்குள் நிறையாமல் பெட்டிக்குள்ளேயே உருண்டது. அன்றைக்கு எனக்குப் பழைய 29 கிலோவின் ஞாபகம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் கருத்தில் பாதி சரிதான்.

காற்றைத் தள்ளுகிற பரப்புதான் விஷயம். 8 அங்குலக் கூம்பு தள்ளுவது சுமார் 210 சதுர சென்டிமீட்டர், 12 அங்குலம் சுமார் 530. இரண்டரை மடங்கு. சின்ன ஸ்பீக்கரைக் கீழ்ச்சுரம் வரை போகவைக்க வேண்டுமானால் அதன் திறனைக் காவு கொடுத்தாக வேண்டும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்று ஸ்பீக்கரின் பின்னால் போட்டிருப்பார்கள். நல்ல 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 99 தரும் என்றால், இந்தச் சின்னது 93-ல் நிற்கும். 3 டெசிபெல்லுக்கு ஒருதடவை வாட்ஸ் இரட்டிக்க வேண்டும். ஆக, 93-ல் நிற்கும் ஸ்பீக்கருக்கு 200 வாட்ஸ் கொடுத்தால் வருகிற சத்தம், 99-க்கு 50 வாட்ஸ் கொடுத்தாலே வந்துவிடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிற வாட்ஸைப் பார்த்து ஆம்ப் வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி நான் ஒரு தொல்லையாகிவிட்டேன் என்று தெரியும். வாட்ஸைக் கேட்காதீர்கள், ஸ்பீக்கரைக் கேளுங்கள்.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. 29 கிலோவில் எவ்வளவு ஸ்பீக்கரின் பரப்பு, எவ்வளவு இரும்பும் மரமும்? எனக்கு வேண்டியது பரப்பு மட்டும்தானே. இரும்பைக் கழிக்க இன்றைக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கிளாஸ் டி. ட்ரான்சிஸ்டரைப் பாதி திறந்தும் பாதி மூடியும் வைக்காமல், மிக வேகமாக முழுக்கத் திறந்து மூடி ஒலியை உண்டாக்குவது. சுமார் 90 சதவீத மின்சாரம் ஸ்பீக்கருக்கே போய்ச் சேருவதால் சூடு குறைவு, அதனால் அலுமினியத் தகடு குறைவு. கூடவே ஸ்விட்ச் மோட் மின்வழங்கி. வீட்டு மின்சாரத்தின் 50, 60 ஹெர்ட்ஸில் வேலை செய்கிற ட்ரான்ஸ்ஃபார்மர் செங்கல் அளவு இருக்க வேண்டும், அதையே பல்லாயிரம் ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டால் தீப்பெட்டி அளவு போதும். இரண்டாவது வழி காந்தம். 1980-களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடைமியம் காந்தம் கொஞ்சமாக இருந்தாலே போதிய பலம் தரும். செலஷன் விண்டேஜ் 30 என்கிற சாதாரண செராமிக் காந்த ஸ்பீக்கர் 4.7 கிலோ. அதே 12 அங்குலம் நியோடைமியத்தில் 2 கிலோ அளவில் முடிந்துவிடுகிறது.

அதனால் ஒரே பெட்டி என்கிற எண்ணத்தை விட்டேன். ஒலியைப் பெருக்குகிற ஹெட் தனி, ஸ்பீக்கர் இருக்கிற கேபினெட் தனி. ஹெட் 1 கிலோ சொச்சம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, கிட்டார் பையின் முன்பாக்கெட்டில் போய்விடும். கேபினெட்டில் ஒரே ஒரு 12 அங்குல நியோடைமியம், மெல்லிய பிளைவுட், பின்பக்கம் மூடியது. முழுக்கத் திறந்த பின்பக்கம் எனக்கு ஒத்துவரவில்லை. சுவருக்கு எவ்வளவு தள்ளி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து இடத்துக்கு இடம் ஆளே மாறிப்போகிறது. கேபினெட் 8 கிலோ. டபுள் பேஸ் இருக்கிற நாளில் பேஸ் கீழே, இல்லாத நாளில் மேலே. டபுள் பேஸும் டிரம்ஸும் மட்டும் இருக்கிற இடங்களுக்கு இப்போதும் 8 அங்குலத்தைத்தான் எடுத்துப்போகிறேன், பாவம், அதற்கும் வேலை வேண்டுமே.

வேறு வழிகளையும் வாசித்துப் பார்க்காமல் இல்லை. ஏஇஆர் காம்பேக்ட் 60 வெறும் 6.5 கிலோ, அகூஸ்டிக் கிட்டாருக்கென்று பிறந்தது, கண்ணாடி மாதிரி நேர்மையானது, என் நகம் கம்பியில் உரசுவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஹென்ரிக்சன் பட் 7.7 கிலோவில் 120 வாட்ஸும் 6.5 அங்குல ஸ்பீக்கரும் மேல்சுரங்களுக்கென்று ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கரும் தருகிறது. அந்த அளவுக்கு அது செய்வதை நம்பவே முடியாது, ஆனால் ட்வீட்டரை அணைத்துவிட்டுத்தான் எனக்குப் பிடித்தது. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று விழுந்துவிடும், நம் காது பழகியிருப்பது அந்த விழுதலுக்கு. டிவி மார்க் லிட்டில் ஜாஸ் சுமார் 7 கிலோ, ஒலி பெயருக்குப் பொருத்தம். பழைய முகமே வேண்டும் என்பவர்களுக்கு ஃபெண்டரின் டோன் மாஸ்டர் இருக்கிறது, ட்வினின் அதே தோற்றத்தில் பாதி எடை. அதில் ஒன்று: ஃபெண்டரின் திருகுகளை எல்லாம் நடுவில் வைத்தால் ஒலி சமமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அந்தச் சுற்றின் அமைப்பே நடுவைக் குடைந்தெடுப்பது. பேஸையும் ட்ரெபிளையும் இரண்டுக்கு இறக்கி, மிட்டை முழுக்க ஏற்றினால்தான் சமத்துக்குப் பக்கத்தில் வரும். ஜாஸ்காரர்கள் பலர் அந்த ஆம்பில் அப்படியே வைத்துக்கொள்வதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை.

தனித்தனி என்பதில் தொல்லையும் உண்டு. ஹெட்டையும் கேபினெட்டையும் இணைக்க ஸ்பீக்கர் கேபிள் வேண்டும். கிட்டார் கேபிளும் அதே முனைதான், உள்ளே கம்பி மெல்லியது, அதை இங்கே போடக்கூடாது. ஒருநாள் ஸ்பீக்கர் கேபிளை வீட்டில் விட்டுவிட்டு, 12 அங்குலப் பெட்டியை அலங்காரப் பொருளாகப் பின்னால் நிறுத்திவிட்டு, ஹெட்டிலிருந்து நேரடியாக ஒலியை வெளியே அனுப்புகிற டிஐ இணைப்பு வழியாக அரங்கின் ஒலிபெருக்கியிலேயே முழுக் கச்சேரியும் வாசித்தேன். கேட்டவர்கள் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் முதுகுக்குப் பின்னால் வெறுமையாக இருந்தது. என் ஒலி எங்கோ எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்க, நான் பின்னாலிருந்து அதை ஊகித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் ஒருவரை ஒருவர் காதால் எடைபோட்டு வாசிக்கிற இசையில் அது எனக்குச் சரிப்படவில்லை. இப்போது இரண்டு ஸ்பீக்கர் கேபிள், ஒன்று கேபினெட்டுக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. இன்னொரு தொல்லை, இந்த மாதிரி ஹெட் பழுதானால் சால்டரிங் ஐயர்னோடு வருகிற யாரும் உதவ முடியாது, உள்ளே எல்லாம் பலகையோடு ஒட்டிய பொடிப்பொடிப் பாகங்கள். பழைய வால்வு ஆம்பை இருபது வருஷத்தில் நாலு பேர் நாலு தடவை பிழைக்கவைத்திருக்கிறார்கள். இதைத் தூக்கித்தான் போட வேண்டியிருக்கும். அதை நினைத்தால் கொஞ்சம் மனசு கேட்பதில்லை.

கைப்பிடி

எடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கிலோவை மட்டும் சொல்வார்கள். நான் இப்போது பார்ப்பது கைப்பிடியை. 8 கிலோ கேபினெட்டுக்கு முதலில் மேலே நடுவில் ஒரு பட்டைப்பிடி இருந்தது. ஸ்பீக்கர் முன்பக்கம் இருப்பதால் பெட்டியின் கனமும் முன்பக்கம், தூக்கினால் மூக்குக் குத்தும், ஒவ்வொரு அடிக்கும் கீழ் விளிம்பு கெண்டைக்காலில் இடிக்கும். பிடியைக் கழற்றி இரண்டு விரல் முன்னால் நகர்த்தி மறுபடி திருகினேன். பெட்டி நேராகத் தொங்கியது. அதே 8 கிலோதான், பாதியாகத் தெரிந்தது. பட்டை உள்ளங்கையை அறுக்காமல் இருக்கத் தோட்டக் குழாய்த் துண்டு ஒன்றை நீளவாக்கில் வெட்டி அதன்மேல் மாட்டியிருக்கிறேன். பார்க்க அசிங்கம். என் சாதனங்களிலேயே எனக்கு அதிகம் பிடித்தது அந்தக் குழாய்த் துண்டு என்றால் நம்ப மாட்டீர்கள்.

இப்போது என் கணக்கு ஒன்றே ஒன்று: வண்டியிலிருந்து மேடைக்கு ஒரே நடை. கிட்டார் முதுகில். ஹெட், கேபிள்கள், டியூனர் எல்லாம் அதன் பாக்கெட்டில். கேபினெட் இடது கையில். வலது கை சும்மா இருக்க வேண்டும். கதவைத் திறக்க, படிக்கட்டின் கைப்பிடிச் சுவரைப் பிடிக்க, எதிரே வருகிறவருக்குக் கை கொடுக்க. ஒரு கை சும்மா இருந்தால் மனுஷன் மனுஷனாக உள்ளே போகலாம். முன்பெல்லாம் வியர்வையோடும் சிவந்த முகத்தோடும் போய் முதல் பாட்டு முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன். என் சோலோக்கள் அந்தக் காலத்தில் கொஞ்சம் அவசரமாக இருக்கும் என்று டிரம்மர் சொல்வார், அதற்கு ஸ்டைல் என்று நான் பதில் சொல்வேன்.

போன வாரம் அதே மூன்றாவது மாடி. வண்டியைப் பூட்டிவிட்டு, கிட்டாரை மாட்டிக்கொண்டு, கேபினெட்டை இடது கையில் எடுத்துக்கொண்டு, சீட்டியடிக்காத குறையாக ஏறத் தொடங்கினேன். முதல் திருப்பத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். முதுகில் டபுள் பேஸ், அதன் தலை மேல்படியின் அடிப்பலகையை உரசிக்கொண்டிருந்தது, காலடியில் அவருடைய ஆம்ப். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இடது கையைப் பார்த்தார். பிறகு வலது கையைப் பார்த்தார்.

"அந்தக் கை சும்மாத்தானே இருக்கு தம்பி?"

அவருடைய ஆம்ப் 15 கிலோவாவது இருக்கும்.